மரியங்கண்டு நெல்லுக்கு இரண்டு மரம்

பாரைக்குட்டிகளுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹஸ்னாவின் படம் வட்சப்பில் வந்து விழுந்தது. நான் ஓய்வுபெற்று எழும்பிய கதிரையில் இப்போது இருக்கிற ஆய்வு உத்தியோகத்தர் அவள். படத்தில் இரண்டு மரங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. இலையும் காயும் உள்ள மரமல்ல. எந்த நெல் எந்த நெல்லிலிருந்து பிரிந்தது என்று காட்டுகிற கோட்டு மரம்; பாடப்புத்தகத்தில் கூர்ப்பு மரம் என்பார்கள். இடப்பக்க மரத்தின் நுனிகளில் இருந்த பெயர்களை வலப்பக்க மரத்தில் இருந்த அதே பெயர்களோடு கோடு இழுத்து இணைத்திருந்தாள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்குப்பட்டுக் கிடந்தன. கீழே ஒரு வரி: "மிஸ், ரெண்டு மரமும் ஒத்து வருதில்ல. அறிக்கையில எத்தப் போடுற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் உத்தியோகக் காலம் முழுக்க என்னைத் தின்ற கேள்வி அது. சரி பிள்ளை, நீயும் வந்து விழுந்தாயா என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுப் பெயர்களை வாசித்தேன். களைநெல் இருக்கிற நுனியில் "மரியங்கண்டு" என்று எழுதியிருந்தது. மீன் நாறுகிற கையோடு போனை எடுத்தேன்.

"ஹஸ்னா, களைநெல்லுக்கு அந்தப் பேர ஆர் வைக்கச் சென்ன?"

"மிஸ், அது அதுட ஊர்ப் பேர்தானே. வட்டையில எல்லாரும் அப்பிடித்தானே செல்ற. ஏன் மிஸ், எழுத்துப் பிழையா?"

"எழுத்துப் பிழையில்ல. நீ நாளைக்கிப் பகலைக்குச் சாப்பிட வா. கதைக்க இரிக்கி."

வந்தாள், சாப்பிட்டாள், கேட்டாள். ஆனால் நான் கதைத்தால் கதை முன்னும் பின்னுமாகத்தான் வரும். உம்மா உயிரோடு இருந்தபோதும் "இவள் கதையை வாலில் இருந்து தொடங்குவாள்" என்றுதான் ஏசுவார். அதனால் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்காவது தெளியுமா பார்ப்போம்.

நான் கல்முனையில் பிறந்து, மலைநாட்டுக் குளிரில் பட்டம் முடித்து, தாவரங்களைப் பற்றிப் படித்தேன் என்ற ஒரே காரணத்துக்காக நெல் ஆராய்ச்சி நிலையமொன்றில் சேர்க்கப்பட்டேன். முதல் வருடங்கள் கதிர் எண்ணுவதிலும் உயரம் அளப்பதிலும் போயின. சுனாமிக்குப் பிறகு வந்த உதவிப் பொருள்களோடு எங்கள் நிலையத்துக்கும் ஒரு பீசீஆர் இயந்திரம் வந்து இறங்கியது. டீஎன்ஏயில் வேண்டிய துண்டை மட்டும் இலட்சக்கணக்கில் பெருக்கித் தருகிற பெட்டி அது. அதைத் தொட ஆளில்லாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் பொலித்தீன் உறையோடு கிடந்தது. பிறகு தவராசா சேர் மாற்றலாகி வந்தார்.

சேர் காரைதீவுக்காரர். மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் குறையும், அப்போதுதான் பயப்பட வேண்டும். ஒரு முடிவைக் கொண்டுபோய் நீட்டினால் "நல்லது" என்றோ "பிழை" என்றோ அவர் வாயிலிருந்து வராது. "எதோட ஒப்பிட்டு, நஸீமா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தால் கடதாசியை வாங்குவார். இல்லையென்றால் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். நானும் அவர் பார்க்கிற பக்கம் பார்த்துவிட்டு, கடதாசியைச் சுருட்டிக்கொண்டு திரும்புவேன். அந்த மனிதனோடு எத்தனை தடவை மனதுக்குள் சண்டை பிடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

மரம் வாசிக்க அவர் சொல்லித் தந்த விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தென்னோலை ஈர்க்குகளை வெட்டி, இரண்டிரண்டாக நூலால் கட்டி, அந்த இரண்டையும் இன்னொரு ஈர்க்கில் தொங்கவிட்டு, கடைசியில் முழுவதையும் மின்விசிறிக்குக் கீழே கட்டிவிடுவார். நுனிகளில் பெயர் எழுதிய துண்டுகள். விசிறி சுழல, ஈர்க்குகள் முடிச்சுக்கு முடிச்சு தன்பாட்டில் திரும்பும். சற்று முன்பு அருகருகே தொங்கிய இரண்டு பெயர்கள் இப்போது எதிரெதிரே போய்விடும்.

"இப்ப சொந்தம் மாறிட்டா?" என்று கேட்பார்.

"இல்ல சேர். முடிச்சு மாறல்ல."

"ஓம். பக்கத்துல இருக்கிறதெல்லாம் சொந்தமில்ல. எந்த முடிச்சில சந்திக்குதெண்டு பாருங்க. இரண்டு மரத்த ஒப்பிடக்க முதல்ல கிளைகளச் சுத்திச் சுத்திச் சிக்க எடுங்க. எவ்வளவு சுத்தியும் எடுபடாத சிக்கு எதோ, அதுதான் உண்மையான சிக்கு."

கேட்க இலகுவாகத்தான் இருந்தது. செய்யப் போனால் தலை சுற்றியது. நாங்கள் பலகையில் இடப்பக்கம் ஒரு ஈர்க்கு மரம், வலப்பக்கம் ஒரு ஈர்க்கு மரம் குத்தி, ஒரே பெயர்களை உல்லன் நூலால் இணைப்போம். ஒரு சிக்கை எடுத்தால் இன்னொரு இடத்தில் இரண்டு விழும். இப்போது ஹஸ்னாவின் கணினி இதைக் கண்மூடித் திறக்கிறதுக்குள் செய்துவிடுகிறது. ஆனாலும் அவளும் என்னிடம்தானே கேட்கிறாள்.

இனி சுபைதா ராத்தாவின் விசயத்துக்கு வருகிறேன். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. அவர் எனக்கு இரத்த உறவில்லை, வயதுக்குரிய மரியாதை. கல்முனைக்கு மேற்கே உள்ள வட்டையில், அதாவது வயல்வெளியில், வயல் செய்தவர். அந்த வயல் அவர் உம்மாவிடமிருந்து சீதனமாக வந்தது. வயலோடு சேர்ந்து ஒரு நெல்லும் வந்தது. உம்மாவின் பெயர் மரியங்கண்டு. அந்த அம்மா வருடா வருடம் கதிர் பார்த்துத் தெரிந்தெடுத்து, தனியாக அடித்து, விதைக்கு வைத்த நெல். சிறிய வெள்ளை அரிசி, ஆக்கினால் உதிரியாக நிற்கும். அரசாங்கம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, வட்டை வைத்தது: மரியங்கண்டு நெல். உம்மா மௌத்தான பிறகு மகள் அதைத் தொடர்ந்தார். புருசனும் போய்ச் சேர்ந்தபின் தனியாகவே விதைநெல் செய்து வட்டைக்குக் கொடுத்தார். விதைநெல் கொடுக்க அரசாங்கப் பதிவும் எடுத்திருந்தார்.

பிறகு களைநெல் வந்தது. பயிராக நிற்கும்போது நெல்லா களையா என்று வயல்காரனுக்கே பிடிபடாது. முற்றினால் அறுவடைக்கு முன் தானாக உதிர்ந்து சேற்றில் விழும்; விழுந்தது வருடக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து முளைக்கும். மிச்சம் அரிசியோடு கலந்து சிவப்புச் சிவப்பாகத் தெரியும். ஆலைக்காரன் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று அதன் வாயை மூடிவிடுவான். இரண்டு மூன்று போகத்தில் வட்டையின் பாதி பழுதாகிவிட்டது. எல்லாரும் விதைத்தது மரியங்கண்டு நெல். ஆகவே எல்லாருடைய விரலும் ஒரே வாசலுக்கு நீண்டது.

குளக்கட்டோரத்தில் காட்டு நெல் காலங்காலமாக நிற்கிறது. களை அங்கேயிருந்து வந்ததா, அல்லது சுபைதாவின் விதை மூட்டைக்குள் இருந்து வந்ததா? மேலிடத்திலிருந்து எங்கள் நிலையத்துக்குக் கேள்வி வந்தது. மூட்டைக்குள் இருந்து என்றால் அவருடைய பதிவு போகும். ஆனால் அவர் அதைப் பற்றிக் கதைக்க வரவில்லை. ஒருநாள் குடையோடு வந்து, ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ளுக்கு வாங்க ராத்தா, செருப்போட வரலாம்."

"கேளுங்க மிஸ். வட்டையில இப்ப களைக்குத்தான் மரியங்கண்டு என்டு செல்றானுகள். 'வெள்ளாமைக்குள்ள மரியங்கண்டு வந்திட்டு, மரியங்கண்டப் புடுங்கி எறி' என்டு. என்ட காதால கேட்டன். என்ட உம்மா கபுறுல கிடக்கா மிஸ். பதிவ எடுத்தா எடுக்கட்டும். உம்மாட பேர எனக்கு எடுத்துத் தாங்க."

அப்படிக் கேட்டால் யார் என்ன சொல்வது? "பாப்பம் ராத்தா" என்றேன். எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

இலை எடுக்க நானே போனேன். குளக்கட்டிலிருந்து காட்டு நெல், வட்டை முழுவதிலிருந்தும் களைநெல், சுபைதா ராத்தாவின் விதை வயல் கண்டத்திலிருந்து மரியங்கண்டு நெல், தூர இடங்களிலிருந்து வேறு நெல் வகைகள். ஒவ்வொரு இலையையும் ஈரம் உறிஞ்சும் மணிகளோடு பையில் போட்டுக் காயவைத்தோம். பிறகு உரலில் அரைத்து, உப்பும் சவர்க்காரமும் மாதிரியான கரைசலில் வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து, குளோரோபோம் விட்டுக் கலக்கிச் சுழற்றினால் மூன்று படையாகப் பிரியும். மேற்படையை மட்டும், நடுவிலுள்ள அழுக்குப் படையைத் தொடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குள் குளிர்ந்த அற்ககோலை விட்டு மெதுவாகச் சரித்தால், ஒன்றுமில்லாத தண்ணீருக்குள் வெள்ளை நூல் ஒன்று திரளும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் "சுப்ஹானல்லாஹ்" என்று வாய் தன்பாட்டில் சொல்லும். சேர் அதைக் கேட்டுச் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். நடுவில் கரண்ட் போனால் மட்டும் இருவரும் சேர்ந்து மின்சாரக்காரனை ஏசுவோம்.

துண்டுகளைப் பெருக்கி, எழுத்து வரிசை வாசிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். வந்ததும் முதலில் பச்சையவுருமணியின் மரத்தைக் கட்டினேன். இலையைப் பச்சையாக்குகிற நுண்ணுறுப்பு அது. அதற்குத் தனி டீஎன்ஏ உண்டு. நெல்லில் அது தாயிலிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், மகரந்தத்தோடு வராது. அந்த மரத்தில் வட்டையின் களைநெல் அத்தனையும் குளக்கட்டுக் காட்டு நெல்லோடு ஒரே முடிச்சில் போய்ச் சேர்ந்தது. மரியங்கண்டு நெல் தூரத்தில், மற்ற நல்ல நெற்களோடு நின்றது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சேரிடம் ஓடினேன்.

"சேர், களை காட்டுலயிருந்துதான் வந்திருக்கு. சுபைதா ராத்தாக்கு ஒண்ணுமில்ல."

"எதோட ஒப்பிட்டு, நஸீமா?"

யா அல்லாஹ், அந்த மனிதனை என்ன செய்வது! திரும்பி வந்து, கலத்தின் கருவுக்குள் இருக்கிற சில பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, எடுத்து இரண்டாவது மரம் கட்டினேன். அது தாயும் தகப்பனும் இரண்டு பேரும் தருகிற பங்கு. அந்த மரத்தில் களைநெல் காட்டு நெல்லை விட்டுப் பிரிந்து வந்து மரியங்கண்டு நெல்லின் பக்கத்தில், அதே முடிச்சில் உட்கார்ந்துகொண்டது. தரவை நூறு விதமாகக் குலுக்கிக் குலுக்கிக் கட்டிப் பார்த்தேன். குலுக்கினாலும் அநேகமாக அதே இடம்தான்.

பலகையில் ஈர்க்குகளைக் குத்தி உல்லன் நூலை இழுத்தோம். சேர் ஒரு கிளையைத் திருப்பினார், நான் ஒரு கிளையைத் திருப்பினேன். எல்லாச் சிக்கும் எடுபட்டது, ஒன்றைத் தவிர. களைநெல்லின் நூல் மட்டும் பலகையின் மேலிருந்து கீழுக்கு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஓடியது.

"எது சரி சேர்?"

"இரண்டும் சரி."

"இரண்டும் எப்பிடிச் சரியாகும்? ஒண்டு அவ குற்றவாளியில்ல எண்டுது, மற்றது குற்றவாளியெண்டுது."

"இரண்டும் அப்பிடிச் சொல்லேல்ல, நஸீமா. நீங்கதான் சொல்றீங்க. முதல் மரம் தாய் ஆரெண்டு சொல்லுது. மற்றது ஆரார் கலந்தெண்டு சொல்லுது. காட்டு நெல்லுக்கு நம்மட நெல்லுட மகரந்தம் பட்டிருக்கு, திரும்பத் திரும்பப் பட்டிருக்கு. அது எந்த மூட்டையில ஏறி எந்த வயலுக்குப் போச்செண்டு மரத்துல எழுதியிராது."

"அப்ப அறிக்கையில என்ன போட?"

யன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கு விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. காட்டு நெல்லின் பிள்ளைகள் சுபைதாவின் விதைக் கண்டத்துக்குள் நின்று மகரந்தம் வாங்கி, அவருடைய மூட்டையிலேயே ஏறி வட்டைக்கெல்லாம் போயிருக்கலாம். அல்லது வட்டை முழுக்க அவருடைய நெல்தானே நின்றது, எந்த வரம்பிலும் அந்த மகரந்தம் பட்டிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது முதலாவது சரியென்று படும், வீட்டில் சோறு ஆக்கும்போது இரண்டாவது சரியென்று படும். இரண்டு மரத்தையும் அறிக்கையில் போட்டோம்.

விவசாயிகள் அமைப்பின் மண்டபத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். மேலிடத்து அதிகாரி ஒருவர், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை, கமக்காரர்கள். முன்வரிசையில் இஸ்மாயில் மரைக்கார். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். குடி என்பது தாய்வழியாக வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி, ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார், தன் குடியை அங்கே கொண்டு வரமாட்டார். காரைதீவில் தவராசா சேரின் கோயிலிலும் இதே ஒழுங்குதான். சுபைதா ராத்தா கடைசி வாங்கில், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் ஈர்க்கு மரங்களைத் தூக்கிப் பிடித்து விளக்கினேன். பச்சையவுருமணி தாயிலிருந்து மட்டும் வரும், அந்த வழியில் களைநெல்லின் தாய் குளக்கட்டுக் காட்டு நெல் என்று சொன்னேன். மரைக்கார் எழும்பிவிட்டார்.

"நில்லுங்க மகள். தாய் வழியில வாறதோ? அப்ப குடிதானே!"

"அப்பிடியில்ல மரைக்கார், இது..."

"தாய் காட்டு நெல்லென்டா புள்ள காட்டுக் குடி. இதுக்கு மிசினும் வேணுமா? முடிஞ்சிது கத."

மண்டபம் முழுவதும் மூச்சு விட்டது. தலைகள் ஆடின. நான் இரண்டாவது மரத்தைத் தூக்கினேன்.

"மற்ற மரத்தையும் பாக்க வேணும். கருவுக்குள்ள இரிக்கிறதப் பாத்தா, களை மரியங்கண்டு நெல்லோட..."

"அது வாப்பா வழிதானே?"

"வாப்பா வழி மட்டுமில்ல, ரெண்டு பேருட..."

"வாப்பா மாப்பிள்ளையா வந்த ஆள் மகள். வந்த எடத்துல இரிப்பார், திம்பார். அவர்ர குடி புள்ளைக்கு வருமா? உங்கட வீட்டுல வந்திச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நேற்றுவரை சுபைதாவை ஏசிய ஆட்களும் சிரித்தார்கள். நான் கையில் ஈர்க்கோடு நின்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து சரியென்று அறிந்த ஒன்றைத்தான் நெல்லுக்கும் வைத்துப் பார்த்தார்கள். என் குடி எதுவென்று கேட்டால் நானும் உம்மாவுடையதைத்தானே சொல்லுவேன்? அதிகாரி "விதை காரணமல்ல" என்று எழுதி மூடினார். சேர் என் காதோரம் குனிந்து, "எங்கட கோயில்லயும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றார். எனக்கு அது சந்தோசமா, வெறும் களைப்பா என்றே தெரியவில்லை. தீர்ப்பு நான் விரும்பிய பக்கம் விழுந்திருக்கிறது, ஆனால் நான் சொன்னதனால் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்தா வந்தார். பழமும் வட்டிலப்பமும் கொண்டு வந்திருந்தார். இந்தத் தடவை செருப்போடு உள்ளே வந்து, எனக்கு முன்னால் இருந்தார்.

"மிஸ், அண்டைக்கு அவங்க உங்களக் கதைக்க உடல்ல. அந்த மற்ற மரம் என்ன செல்லிச்சி?"

"அது இப்ப எதுக்கு ராத்தா? முடிஞ்சிட்டுதானே."

"ஊருக்கு முடிஞ்சிட்டு. நீங்க செல்லுங்க."

சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் மனிசி நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் நான் என்ன செய்வது? மற்ற மரத்தில் களை உங்கள் நெல்லின் பக்கத்தில் இருக்கிறது, கலந்திருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப என்ட விதைக்குள்ளயும் இரிக்கலாம்?"

"இரிக்கலாம். இல்லாமலும் இரிக்கலாம். தெரியல்ல ராத்தா. உண்மையாத் தெரியல்ல."

தலையை ஆட்டினார். வட்டிலப்பத்தைச் சாப்பிடச் சொன்னார். போய்விட்டார்.

அடுத்த கிழமை அவருடைய வீட்டுப் பக்கம் போனபோது நெல் அவிக்கிற மணம் ஒழுங்கை முழுக்க நின்றது. முற்றத்தில் பாய் பாயாகப் புழுங்கல் காய்ந்தது. விதைக்கு வைத்திருந்த மரியங்கண்டு நெல், ஒரு மரைக்கால் அளவுகூட மிச்சம் வைக்காமல், எல்லாவற்றையும் அவித்துவிட்டிருந்தார். அவித்த நெல் முளைக்காது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"என்ன ராத்தா செஞ்சிருக்கீங்க! உங்களத்தான் உட்டுட்டாங்களே!"

"அவங்க உட்டுட்டாங்க. நான் உடல்ல. தெரியாத ஒண்ட உம்மாட பேர்ல ஆருட வயலுக்கும் அனுப்ப ஏலா மிஸ்."

அவர் வேறு நெல் வாங்கி விதைத்தார். வட்டையும் வேறு நெல்லுக்கு மாறியது. களை போகவில்லை, அடுத்த போகமும் வந்தது. பார்த்தீர்களா, விதை காரணமில்லை என்று ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் பழைய களை மண்ணுக்குள் கிடந்து முளைத்திருக்கலாமே. அதுவும் ஒன்றையும் நிரூபிக்காது. சேர் ஓய்வு பெற்றார், ஒரு நாள் காலமானார். நான் காரைதீவுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். வட்டையில் மரியங்கண்டு நெல் இல்லாமல் போனபின் அந்தப் பெயர் பிடித்துக்கொள்ளக் களை ஒன்றுதான் மிஞ்சியது. இன்றைக்கு வயலில் நிற்கிற பொடியன்மாருக்கு மரியங்கண்டு ஒரு மனிசியின் பெயர் என்றே தெரியாது. ஹஸ்னாவுக்கும் தெரியவில்லை, அவள் என்ன செய்வாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பிள்ளை தட்டில் கையை வைத்தபடி இருந்தாள்.

"மிஸ், நீங்க காயவச்ச இலையெல்லாம் பெட்டிக்குள்ள அப்பிடியே கிடந்திச்சி. அதுலதான் நான் இப்ப முழுக் கருவையும் வாசிச்ச. நீங்க பாத்தது ஒரு சில துண்டு. நான் பாத்தது ஆயிரக் கணக்குத் துண்டு, துண்டுக்கு ஒரு மரம். களைநெல்லுட துண்டுல கொஞ்சம் காட்டு நெல்லுட்டப் போகுது, கொஞ்சம் மரியங்கண்டு நெல்லுட்டப் போகுது. ஆனா மரியங்கண்டு நெல்லுட துண்டு ஒண்டுகூடக் காட்டுக்குப் போகல்ல. எல்லாம் நல்ல நெல்லோடதான்."

"அப்பிடியென்டா?"

"நெல்லுக்குள்ள களை கலக்கல்ல மிஸ். களைக்குள்ளதான் நெல்லு கலந்திருக்கு. நெல்லு சுத்தம்."

எழும்பி நின்றுவிட்டேன். "அப்ப மூட்டைக்குள்ள களை விதை இருக்கல்லயா?"

"அது எப்பிடி மிஸ் இலையில தெரியும்? மூட்டைக்குள்ள தனியாக் கலந்திருந்தா எனக்குத் தெரியாது."

மீண்டும் உட்கார்ந்தேன். தவராசா சேர் இருந்தால் யன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார். ஹஸ்னாவிடம், இரண்டு மரத்தையும் போடு, ஆயிரம் வந்தால் ஆயிரம் வந்ததென்று எழுது, ஒன்றைத்தான் கேட்கிறார்கள் என்றால் கேட்கட்டும் என்றேன். களையின் நுனியில் இருந்து அந்தப் பெயரை எடுத்து, நெல்லின் நுனியில் போடச் சொன்னேன். என் முன்னாலேயே மாற்றினாள்.

பிறகு ஒரு கிழமை போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ராத்தாவுக்குச் சொல்வதா, விடுவதா? உம்மாவின் நெல் சுத்தம் என்று சொன்னால் அவர் இத்தனை வருடமாகக் கேட்டது கிடைக்கும். சொன்னால் அதோடு வருகிற மற்றதும் கிடைக்குமே. வழியில் கண்டால் ஒவ்வொரு தடவையும் "முடிவு வந்திச்சா மிஸ்?" என்று கேட்கிற மனிசி. பகிடிபோலக் கேட்பார், ஆனால் பதில் வரும்வரை கையை விடமாட்டார். கடைசியில் படத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன்.

அவருக்குக் கண் மங்கியிருக்கிறது. மகளின் வீட்டுப் பின்பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் நுனியைத் தொட்டுக் காட்டினேன்.

"ராத்தா, முடிவு வந்திட்டு. இந்தா உங்கட உம்மாட பேர். நெல்லுல எழுதியிரிக்கி. களையில இல்ல. அண்டைக்குக் காயவச்ச இலையெல்லாம் இன்னம் எங்கட்ட இரிக்கி, அதுலதான் பாத்த. உங்கட நெல்லுக்குள்ள காடு கலக்கல்ல. சுத்தம்."

விரலைப் பெயரின்மேல் வைத்தார். எழுத்து தெரிந்ததோ தெரியாது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "உம்மா சுத்தம். பாத்தீங்களா, உம்மா சுத்தம்." முகம் மலர்ந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் வந்தது சரிதான் என்று நினைத்தேன், முழுதாக ஒரு மூச்சு விட்டேன்.

"அந்த இலையெல்லாம் இன்னம் உங்கட்ட இரிக்கி என்டீங்க. அதுல நெல்லு ஒண்டாவது இரிக்கா மிஸ்? முளைக்கப்போட?"

"இல்ல ராத்தா. காஞ்ச இலை மட்டும்தான் எடுத்த."

"ஓம் ஓம். இலைதான்."

விரல் அந்தப் பெயரிலேயே கிடந்தது. மகள் தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

"அப்ப மிஸ்," என்றார், "நான் அவிச்சது?"